எட்டுப் பேர் மேசையில் 20 செ.மீ. இடம்: ஒரு வசந்தகாலப் பூ அலங்காரத்தின் நிகழ்வு ஆய்வு

முதல் வாரம் வைத்த அலங்காரம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் விருந்து தொடங்கிய பத்தாவது நிமிடமே அதைத் தூக்கிப் பக்கத்து அலமாரிமேல் வைக்க வேண்டியதாயிற்று. எதிரே உட்கார்ந்தவர் முகம் தெரியவில்லை, பரிமாறும் பாத்திரத்துக்கு இடமில்லை, துலிப் பூக்கள் பாதி ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடந்தன. அடுத்த வாரம் அதே மேசையில், ஏறக்குறைய அதே வகைப் பூக்களில், பாதி எண்ணிக்கையில் செய்த அலங்காரம் கடைசித் தட்டை எடுக்கும்வரை வைத்த இடத்தில் இருந்தது. இரண்டு வாரமும் பூ அடுக்கிய கை ஒன்றுதான். எதை முதலில் அளந்தார்கள், பூவை எத்தனை மணிநேரம் முன்னால் பழக்கினார்கள் (அடுக்குமுன் வெட்டித் தண்ணீர் ஏறவிட்டார்கள்) என்ற இரண்டு விஷயங்கள் மட்டுமே மாறின.

மேசை

நீளம் 180 செ.மீ., அகலம் 90 செ.மீ., உயரம் 75 செ.மீ. மெருகு பூசிய மரம். இருபுறமும் மூன்று மூன்று பேர், இரு முனைகளிலும் ஒவ்வொருவர். நீளப் பக்கம் ஒன்றை ஒட்டிப் பெரிய ஜன்னல், காலையில் நல்ல வெளிச்சம். அறை வெப்பநிலை 22, 23 டிகிரி செல்சியஸ். விருந்து பகல் 1 மணிக்கு.

முதல் வாரம்

பூக்கள்: 25 துலிப், 12 டாஃபடில், 10 ரனன்குலஸ், 3 ஹயசிந்த், 5 ஃபோர்சிதியா (மஞ்சள் பூ பூக்கும் புதர்ச்செடி) கிளைகள். எல்லாம் ஒரே கண்ணாடிச் சாடியில். சாடியின் உயரம் 28 செ.மீ., பூக்களோடு சேர்த்து 50 செ.மீ.க்கு மேல், கிளைகளின் நுனி 75 செ.மீ. வரை. சாடியில் 15 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு அடுக்கி, அப்போதே மேசை நடுவில் வைத்தாயிற்று. பக்கத்தில் ஒரு தட்டில் ஆறு ஆப்பிள்கள், இரண்டு உயரமான மெழுகுவர்த்திகள். ரன்னர் துணிக்கு (மேசை நடுவில் நீளவாக்கில் விரிக்கும் குறுகிய துணி) அடியில் வேறு விரிப்பு எதுவும் இல்லை.

இரவு 8 மணிக்கு எடுத்த படத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. மறுநாள் காலை 9 மணிக்குத் துலிப்கள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன, முந்தைய இரவைவிட இரண்டு மூன்று செ.மீ. உயர்ந்தும் இருந்தன. தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. நான்கு ரனன்குலஸ் கழுத்து மடங்கித் தொங்கின. பகல் 12 மணிக்குத் துலிப் இதழ்கள் தட்டுபோல விரிந்து உள்ளிருக்கும் மகரந்தக் காம்புகள் தெரிந்தன. 1 மணிக்கு உட்கார்ந்த எட்டுப் பேரில் ஆறு பேர், எதிரே இருப்பவரோடு பேச உடம்பை ஒரு பக்கம் சாய்க்க வேண்டியிருந்தது. ஹயசிந்தின் மணம், சாப்பாட்டின் மணத்தை எழவே விடவில்லை. சாடியைத் தூக்கியபோது ரன்னரில் ஈர வட்டம். துணியை விலக்கினால் மெருகின்மேல் வெள்ளையாக ஒரு வளையம்.

ஏன் இப்படி ஆயிற்று

துலிப்பிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் வெட்டிய பிறகும் வளர்வதை நிறுத்தாத பூ அது. தலைக்குக் கீழே உள்ள தண்டுப் பகுதி தொடர்ந்து நீளும். சாடியில் இருக்கும் நாட்களில் பல செ.மீ. கூடிவிடும். அந்த வளர்ச்சியை நடத்தும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி வெளிச்சம் படாத பக்கத்தில் அதிகம் சேர்வதால் அந்தப் பக்கம் வேகமாக நீள்கிறது. தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருக்கும் அறையில் இரவு வைத்துவிட்டுக் காலை வெயில் வரும்வரை விட்டால் வளையாமல் என்ன செய்யும்? இதழ் விரிவது வேறு கதை. அது வெளிச்சத்தைவிட வெப்பத்துக்கு அடங்கிய வேலை. வெதுவெதுப்பில் இதழின் உட்புறம் வேகமாக நீண்டு பூ திறக்கும். குளிர்ந்தால் வெளிப்புறம் நீண்டு மூடும். 22 டிகிரி அறையில் 19 மணிநேரம் நின்ற பூ, விருந்து நேரத்துக்குள் தன் நல்ல வடிவத்தைக் கடந்துவிட்டது.

வளைந்த துலிப்பையும் வாடிய துலிப்பையும் ஒன்றாக நினைத்துத் தூக்கிப் போடுவது அடிக்கடி நடக்கிறது. விரலால் தொட்டால் தெரிந்துவிடும். வெளிச்சம் தேடி வளைந்த தண்டு விறைப்பாக, வில்போல இருக்கும். ஒன்றோடொன்று உரசினால் கீச்சென்று சத்தம்கூட வரும். நீர் ஏறாமல் வாடிய தண்டு துவண்டு, இலையின் பளபளப்பு போயிருக்கும். இரண்டாவதை மீட்கலாம்: அடியில் 2 செ.மீ. வெட்டி, தலைவரை காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, குளிர்ந்த நீரில் நேராக இரண்டு மணிநேரம் நிறுத்தினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். முதல் வகையைக் காகிதம் நிமிர்த்தினாலும், வெளிச்சம் ஒரு பக்கமாக வந்தால் மறுபடி வளையும்.

அடுத்தது டாஃபடில். வெட்டிய இடத்திலிருந்து கொழகொழப்பான சாறு ஒழுகும். விரலில் எடுத்து இழுத்தால் நூலாக வரும். அதே தண்ணீரில் நிற்கும் மற்ற பூக்களுக்கு அந்தச் சாறு இரண்டு வழியில் கெடுதல். அதிலிருக்கும் சர்க்கரைப் பொருட்களைத் தின்று பாக்டீரியா பெருகி, பக்கத்துப் பூக்களின் நீர்க்குழாய்களை அடைக்கும்; ரோஜாவில் இது நன்றாகத் தெரியும். துலிப்பில் அடைப்பைவிடச் சாற்றிலுள்ள நச்சு ஆல்கலாய்டுகளே பெரிய தொல்லை. அவை இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். இந்த மேசையிலும் அலமாரிக்குப் போன சாடியில் மூன்றாம் நாள் துலிப் இலை ஓரங்கள் மஞ்சளித்தன.

ஆனால் ரனன்குலஸ் தொங்கியதற்கு முழுப் பழியையும் டாஃபடில்மேல் போட முடியாது. ரனன்குலஸ் தண்டு உள்ளே வெற்று, தோல் மெல்லியது. 15 செ.மீ. ஆழத் தண்ணீரில், 50க்கு மேற்பட்ட தண்டுகளோடு நெருக்கிச் செருகினால் தோல் நசுங்கி அழுகத் தொடங்கும். தலையில் அடுக்கடுக்காக இதழ், கீழே பென்சிலைவிட மெல்லிய கழுத்து. 5 செ.மீ. தண்ணீர் போதும் என்கிற பூவை முழங்கால் ஆழத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

ஆப்பிள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. பழுக்கும் ஆப்பிளிலிருந்து எத்திலீன் வாயு வெளிவரும், அது பூக்களை முதிரவைக்கும் என்பது உண்மை. கார்னேஷன், ஸ்வீட் பீ, டெல்ஃபினியம் போன்றவை அதற்கு மிகவும் நொந்துபோகும். ஆனால் காற்று நடமாடும் அறையில் ஒரு நாளுக்கும் குறைவாகப் பக்கத்தில் ஆறு ஆப்பிள் இருந்ததால் இந்த மேசை கெடவில்லை. எத்திலீன் நிஜமாகவே அடிப்பது வேறு இடத்தில்: பூவைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து, பழங்கள் இருக்கும் குளிர்ப்பெட்டியில் இரவு முழுக்க மூடி வைக்கும்போது.

அளவு

இந்த மேசையின் பெரிய பிழை பூவில் இல்லை, டேப்பை எடுக்காததில் இருந்தது. சாப்பிடுகிறவர் ஒருவருக்கு 60 செ.மீ. அகலம் வேண்டும், மூன்று பேருக்கு 180, நீளம் சரியாகப் போதும். ஆழம்? 27 செ.மீ. தட்டு, மேசை விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி. தட்டுக்கு மேலே தம்ளர், அடிப்பாகம் 7 செ.மீ. தம்ளர் கொஞ்சம் பக்கவாட்டில் நிற்பதால் மொத்தம் 35 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இருபுறமும் 70 போனால் 90இல் மிச்சம் 20. முனைகளில் இருவருக்கும் 35, 35 போனால் 180இல் மிச்சம் 110. ஆக, 90க்கு 180 மேசையில் அலங்காரத்துக்கும் பரிமாறும் பாத்திரங்களுக்கும் சேர்த்துக் கிடைப்பது 110 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலமுள்ள ஒரு பட்டை. மேசையில் மூன்றில் ஒரு பங்கு நீளம் அலங்காரம் இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது வெறும் மேசைக்குப் பொருந்தும். தட்டு வைத்த மேசைக்கு இந்தக் கழித்தல் கணக்குதான்.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. 45 செ.மீ. உயர நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண், தரையிலிருந்து ஏறக்குறைய 115 முதல் 125 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேசை 75 என்றால், கண் மேசைமட்டத்துக்கு மேல் 40 முதல் 50 செ.மீ. எதிரே இருப்பவரின் தாடை அதைவிட அரைச் சாண் தாழ்வு. குட்டையானவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 30 செ.மீ.க்குக் கீழே நின்றால்தான் முகம் முழுசாகத் தெரியும். மாற்று வழி 60 செ.மீ.க்கு மேலே போவது: மெல்லிய கழுத்துள்ள உயரச் சாடி, பூவெல்லாம் தலைக்கு மேலே. அகலமான விருந்து மேசைக்கு அது சரி. 20 செ.மீ. பட்டையில் அதற்கேற்ற அகலமான அடிப்பாகம் உட்காராது. யாராவது கையை நீட்டினால் ஆடும். 30க்கும் 60க்கும் நடுவே இருப்பதெல்லாம் முகத்தை மறைக்கும் உயரம். முதல் வாரச் சாடி அந்த இடைவெளியை ஒன்றுவிடாமல் நிரப்பியிருந்தது.

மேசையில் முழங்கையை ஊன்றி விரல்களை மடக்கினால் முட்டி நிற்கும் உயரத்துக்குள் பூ அடங்க வேண்டும் என்று ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஆளுக்கு ஆள் மாறினாலும் டேப் இல்லாத இடத்தில் உதவும்.

இரண்டாம் வாரத் திட்டம்

பட்டையை முதலில் பங்கு போட்டார்கள். பரிமாறும் பாத்திரங்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 24 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம். அவற்றுக்கு 48 போனது. நடுவில் 40 செ.மீ. பூவுக்கு; இரு முனைகளிலும் 7 செ.மீ. அகலச் சின்னக் குப்பி ஒவ்வொன்று. கூட்டினால் 102, மிச்சம் 8 செ.மீ. இடைவெளிகளுக்கு. நடு 40இல் 18 செ.மீ. விட்டமும் 7 செ.மீ. ஆழமும் உள்ள மட்டமான கிண்ணம் ஒன்று, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு குப்பி. மொத்தம் ஐந்து பாத்திரங்கள்.

கிண்ணத்தில் 7 துலிப், 3 ஃபோர்சிதியாக் குச்சிகள். பக்கக் குப்பிகளில் தலா 3 ரனன்குலஸ், 3 மஸ்காரி (சின்ன நீலக் கொத்துப் பூ). முனைக் குப்பிகளில் தலா 3 டாஃபடில், வேறெதுவும் கிடையாது. எல்லாவற்றிலும் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி வைத்திருந்தார்கள், அது தேவைப்பட்டது. ஹயசிந்த் ஒரு கொத்து மட்டும், அதுவும் வாசல் பக்கத்து அலமாரியில். நுழையும்போது அந்த மணம் நன்றாகவே இருக்கும், சாப்பாட்டுக்குப் பக்கத்தில்தான் கூடாது.

பாத்திரம் ஐந்தானதால் இன்னொரு லாபம்: டாஃபடிலுக்குத் தனித் தண்ணீர், ரனன்குலஸுக்குக் குறைந்த தண்ணீர், துலிப்புக்கு நிற்க ஊசிப் படுகை (நிமிர்ந்த ஊசிகளில் தண்டைக் குத்தி நிறுத்தும் அடித்தட்டு). எந்தப் பூவும் இன்னொன்றுக்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

முன்தயாரிப்பு

ஃபோர்சிதியா 12 நாள் முன்பே தொடங்கியது. குளிர்காலக் குளிர் ஆறு முதல் எட்டு வாரம் பட்ட கிளையை, மொட்டு லேசாக உப்பியபின் வெட்டி உள்ளே கொண்டுவந்தால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் பூக்கும். செர்ரி, ஆப்பிள் கிளைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரம். வெட்டிய அடியைக் கூர்மையான கத்தரியால் நெடுக்காக 2, 3 செ.மீ. பிளந்து, ஓர் இரவு ஆழமான தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு வெயில் நேரே படாத குளிர்ந்த மூலையில். சுத்தியலால் அடியை நசுக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது; நசுங்கிய நாரில் நீர் ஏறுவதைவிட அழுகல் ஏறுவதே அதிகம்.

சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பூக்கள் வந்தன. முதலில் டாஃபடில்: கையுறை போட்டு (அந்தச் சாறு தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் சிவப்புத் தடிப்பும் வரும்) அடியை வெட்டி, தனி வாளியில் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, முதல் இரண்டு மணிநேரத்தில் மூன்று முறை தண்ணீரை மாற்றினார்கள். மூன்றாவது முறை நூல் இழுப்பது நின்றுவிட்டது. இரவு முழுக்க அதே வாளியில் இருந்தது. மறுநாள் குப்பிக்கு மாற்றும்போது மறுபடி வெட்டக்கூடாது. வெட்டினால் சாறு புதிதாக ஒழுகத் தொடங்கி, செய்த வேலையெல்லாம் வீண். அதனால் சனிக்கிழமை வெட்டும்போதே குப்பிக்கு வேண்டிய நீளத்துக்கு, 18 செ.மீ.க்கு, வெட்டிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

துலிப் வாங்கும்போது நிறம் காட்டத் தொடங்கிய, ஆனால் இறுக மூடிய மொட்டாகப் பார்த்து எடுத்தார்கள். தண்டின் அடியில் வெள்ளையாக ஒரு பகுதி இருக்கும். அது நீரைச் சரியாக இழுக்காது, பச்சை தொடங்கும் இடம்வரை வெட்டிவிடலாம். பிறகு காகிதத்தில் சுற்றி மூன்று மணிநேரம் குளிர்ந்த நீரில். அங்கிருந்து விருந்தன்று காலைவரை வெளிச்சம் குறைந்த, 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அறையில்.

ரனன்குலஸின் கீழ் இலைகளை எடுத்துவிட்டு 5 செ.மீ. தண்ணீரில் நிறுத்தினார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இலை இருந்தால் ஒரே இரவில் தண்ணீர் நாற ஆரம்பிக்கும்; எந்தப் பூவுக்கும் இது பொது. குப்பிகளையும் கிண்ணத்தையும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்துக் காயவைத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை

9 மணிக்கு மேசையில் பூ இல்லை. எட்டுத் தட்டு, எட்டுத் தம்ளர், இரண்டு காலிப் பாத்திரங்கள் ஆகியவற்றை வைத்துவிட்டு, மிச்சமான பட்டையின் நான்கு மூலைகளிலும் பேப்பர் டேப் துண்டு ஒட்டினார்கள். காலிக் கிண்ணத்தையும் குப்பிகளையும் வைத்து, நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். நின்று பார்த்துத் திருப்திப்படுவது பூ அடுக்குபவர்களின் பழைய வியாதி. சாப்பிடுகிறவர் யாரும் நின்று பார்க்கப் போவதில்லை.

10.30க்குக் கிண்ணம். ஜப்பானியப் பூ அடுக்குக் கலையிலிருந்து வந்த கென்சான் என்ற ஊசிப் படுகை, 7.5 செ.மீ. விட்டம். அடியில் பூ வேலைக்கான பசைக் களிமண்ணைத் திரித்து வளையமாக வைத்து, கிண்ணத்தின் நடுவில் அழுத்தித் திருகி ஒட்ட வேண்டும். முதலில் ஃபோர்சிதியாக் குச்சிகள், கிடைவாட்டமாக, மேசையின் நீளத்தோடு ஓடும்படி. குறுக்கே நீட்டினால் தம்ளரில் தட்டும். பிறகு துலிப்: மிக நீளமானது கிண்ணத்தின் அடியிலிருந்து பூ நுனிவரை 24 செ.மீ., மிகக் குட்டையானது 14. முப்பதுவரை போகலாமே என்று கேட்கலாம். இரவுக்குள் அது நீளும் என்பது முதல் வாரம் தெரிந்துவிட்டதே! தண்டை ஊசியில் நேராகக் குத்திவிட்டுப் பிறகு வேண்டிய பக்கம் சாய்க்க வேண்டும். சாய்வாகக் குத்தினால் தண்டு கிழிந்துவிடும். துலிப் இலைகளில் பூவுக்கு ஒன்று மட்டும் விட்டு மற்றதை எடுத்தார்கள். ஊசியை மறைக்க அந்த இலைகளில் இரண்டை வளைத்துக் கீழே செருகியதும் படுகை கண்ணில் படவில்லை.

கிண்ணத்தைத் தண்ணீர் இல்லாமல் மேசைக்குக் கொண்டுபோய், அங்கே வைத்தபின் மெல்லிய மூக்குள்ள குவளையால் 4 செ.மீ. ஆழத்துக்கு ஊற்றினார்கள். ஏறக்குறைய 900 மி.லி. பிடித்தது. பூக்களின் விரிவு 26 செ.மீ.; பட்டையைத் தாண்டும் அந்த மூன்று மூன்று செ.மீ. தம்ளர் விளிம்புக்கு மேலே காற்றில் இருந்ததால் தொல்லையில்லை.

ஜன்னல் திரையைப் பாதி மூடி, துலிப் கிண்ணத்தை 11.30க்குத்தான் அறைக்குள் கொண்டுவந்தார்கள். ஒன்றரை மணிநேர வெதுவெதுப்பில், 1 மணிக்கு மொட்டுகள் முட்டை வடிவிலிருந்து கிண்ண வடிவுக்கு வந்திருந்தன.

இரண்டாம் வாரச் சறுக்கல்கள்

எல்லாம் நேராக நடக்கவில்லை. கென்சான் முதல் முறை ஒட்டியது மூன்றாவது துலிப்பைக் குத்தும்போது பெயர்ந்து வழுக்கியது. கழுவிய கிண்ணம் காய்ந்ததாகத் தெரிந்தாலும் நடுவில் ஈரம் இருந்திருக்கிறது. அந்தக் களிமண் காய்ந்த பரப்பில்தான் பிடிக்கும். கிண்ணம், படுகை, கை மூன்றும் காய்ந்திருக்க வேண்டும். எடுத்து, துடைத்து, மறுபடி ஒட்டப் பத்து நிமிடம் போயிற்று. இரண்டு துலிப் அடி பிளந்து வீணாயின. வாங்கி வைத்த கூடுதல் அங்கே கைகொடுத்தது.

டாஃபடிலுக்கு முகம் உண்டு; ஒரு பக்கம் மட்டும் பார்க்கும். முதலில் மூன்றையும் அழகாக ஒரே திசையில் வைத்ததில், மேசையின் ஒரு பக்கத்தவர்கள் விருந்து முழுக்கப் பூவின் முதுகைப் பார்த்திருப்பார்கள். உட்கார்ந்து பார்த்த இரண்டாவது சுற்றில்தான் இது பிடிபட்டது. குப்பிக்குள் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், ஒன்று முனையில் இருப்பவரைப் பார்த்து என்று திருப்பினார்கள்.

ஒரு ரனன்குலஸ் கழுத்து மடங்கியது. அதை நிமிர்த்தப் போராடாமல் 4 செ.மீ. விட்டு வெட்டி, வாசல் அலமாரியில் ஒரு சின்னத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள்.

கிண்ணத்துக்கும் குப்பிகளுக்கும் அடியில் தக்கை வட்டம் போட்டிருந்தும், குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தின் வெளிப்புறத்தில் அறை வெப்பத்தில் வியர்வை கட்டி, 12 மணிக்கு ரன்னர் ஈரமாயிற்று. தக்கை வியர்வையை உறிஞ்சித் துணிக்குக் கடத்திவிடும். கீழ்ப்பக்கம் நீர் புகாத பூச்சுள்ள வட்டம்தான் வேண்டும். ஊற்றும் தண்ணீர் அறை வெப்பத்தில் இருந்தால் இந்த வியர்வையே வராது. துலிப்பைப் பழக்கத்தான் குளிர்ந்த நீர், மேசையில் அது தேவையில்லை.

வேண்டாமென்று விட்டவை

பச்சை ஃபோம், அதாவது தண்ணீரில் ஊறவைத்துத் தண்டுகளைச் செருகும் கட்டி. 1954இல் வெர்னன் ஸ்மிதர்ஸ் அறிமுகப்படுத்திய ஒயாசிஸிலிருந்து வந்த இந்தப் பொருள் பீனால் ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக். உதிர்ந்து நுண்பிளாஸ்டிக் ஆகும், மக்காது. பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் கண்காட்சிகளில் இதைத் தடை செய்தது. இந்த மேசையில் அதைத் தவிர்த்ததற்குச் சாதாரணமான காரணமும் இருந்தது: துலிப், டாஃபடில், ரனன்குலஸ் போன்ற மென்தண்டுகளை ஃபோமில் செருகினால் மடங்கும், செருகினாலும் நீர் சரியாக ஏறாது.

மெழுகுவர்த்தி. திறந்த சுடருக்கும் எரியக்கூடிய எதற்கும் குறைந்தது 30 செ.மீ. இடைவெளி வேண்டும். 20 செ.மீ. பட்டையில் பூவையும் சுடரையும் சேர்த்து வைக்க வழியே இல்லை. பகல் விருந்துக்கு அது அவசியமும் இல்லை. இரவு விருந்தாக இருந்தால் விளக்கை விட நிறத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்: மஞ்சள் ஒளியில் மஸ்காரியின் நீலம் கறுத்துக் காணாமல் போய்விடும், வெள்ளையும் வெளிர்மஞ்சளும் நிற்கும்.

லில்லி ஆஃப் தி வேலி. சின்னக் குப்பிக்கு இதைவிடப் பொருத்தமான பூ கிடையாது, ஆனால் செடி முழுக்க இதயத்தைப் பாதிக்கும் நச்சு. சாடித் தண்ணீரும் ஆபத்து. சாப்பாட்டு மேசையில் வேண்டாம். பூனை இருக்கும் வீட்டில் உண்மையான லில்லி வகைகள் எதுவும், மகரந்தம்கூட, உள்ளே வரக்கூடாது, சிறுநீரகம் செயலிழந்துவிடும். டாஃபடில் கிழங்குச் சட்டியை அலங்காரமாக வைப்பவர்கள் கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்: வெங்காயம்போலவே இருக்கும், நச்சு.

விருந்துக்குப் பிறகு

திங்கள் காலை கிண்ணத்தில் தண்ணீர் ஊசி நுனிக்குக் கீழே இறங்கியிருந்தது. துலிப் அவ்வளவு குடிக்கும். ஆழம் குறைந்த கிண்ணத்தில் தினமும் பார்த்தாக வேண்டும். தண்ணீரைத் தினம் மாற்றி, கிண்ணத்தைக் காலையில் அரைச்சுற்றுத் திருப்பியதில் துலிப் ஐந்து நாள் நின்றது, உயரம் 28 செ.மீ.யைத் தாண்டவில்லை. டாஃபடில் நான்கு நாள். ரனன்குலஸில் ஒன்று தவிர மற்றவை வெள்ளிக்கிழமைவரை. மஸ்காரி கடைசியில் நிறம் வெளுத்ததே தவிர உதிரவில்லை.

கென்சானைக் கழுவி, ஊசிகளுக்கு நடுவே சிக்கிய தண்டுத் துணுக்குகளைப் பழைய பல் தூரிகையால் எடுத்து, வெயிலில் காயவைத்து, வளைந்த ஊசிகளை மெல்லிய குழாய் முனையால் நிமிர்த்தி வைத்தார்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் அடுத்த வசந்தத்தில் துருதான் இருக்கும்.

மேசையில் முதல் வாரம் விழுந்த வளையம் வெள்ளை. அது ஈரம் மெருகுக்குள் மட்டும் நின்றதற்கு அடையாளம். கறுப்பாக இருந்தால் மரத்துக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம், மெருகை எடுக்காமல் தீராது. மேலே காய்ந்த பருத்தித் துணியை விரித்து, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் மட்டும் நகர்த்தி, தூக்கிப் பார்த்து, மறுபடி நகர்த்தினார்கள். நான்காவது முறையில் வளையம் மறைந்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து சாய்ந்து பார்த்தால் மட்டும் ஒரு மங்கல் கோடு இன்னும் தெரிகிறது.